பட்டாணி யாரிடம் நடப்பாள்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் பெண்டாட்டியும் சுகம். பட்டாணியும் கால்களைத் தவிர மற்றபடி சுகம். உன் காதுக்கு வாங்கிய மிஷின் இன்னும் விசில் அடிக்கிறதா? போனில் உன்னிடம் கத்திப் பேசினால் மாடி வீட்டுக்காரர்கள் எனக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் எழுதுவதே மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணிக்கு மூன்று வயது ஆகப் போகிறது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிடியை விட்டால் துணி மாதிரி சரிகிறாள். குறைமாதத்தில் பிறந்ததால் மூளையிலிருந்து காலுக்குப் போக வேண்டிய செய்தி சரியாகப் போகவில்லையாம், கெண்டைத் தசை இறுகிக்கொண்டே வருகிறதாம். டாக்டர் சொன்னார்: "இதுக்கு மருந்து இல்ல. பயிற்சிதான். குழந்தைங்களப் பாக்கற பிசியோதெரபிஸ்ட் ஒருத்தரை உடனே பிடிங்க. வயசு ஏற ஏற கஷ்டம்."

பிடிங்க என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது, போனோம். வரிசையாக முட்டி வலித் தாத்தாக்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு இளைஞன் இவளை உயரமான கட்டிலில் படுக்க வைத்து, நான் ஜாக்கி போட்டு டயரைத் திருகுவது போலக் காலைத் திருகினான். அவள் போட்ட சத்தத்தில் தாத்தாக்கள் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டால் எட்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

உனக்குத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உன்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் விசாரித்துச் சொல். பெண்டாட்டிக்குப் பேக்கரி வேலை, விடியுமுன் போனால் மதியம்தான் வருவாள். குழந்தையைக் கூட்டிப் போக வேண்டியது நான்தான். டிரைவிங் ஸ்கூலில் பத்து மணியைக் காலியாக வைத்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தம்பி


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மிஷின் விசில் அடிக்கிறது, நான் பதிலுக்கு அடிப்பதில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறேன். பட்டாணிக்கு என் முத்தம். உன் பெண்டாட்டியைத் தூங்கச் சொல்.

பழைய சிநேகிதிகள் மூன்று பேருக்கு எழுதினேன். ஒருத்தி பேரனுக்கு இதே மாதிரிக் கால். உங்கள் ஊரிலேயே, தண்ணீர்த் தொட்டித் தெருவில் ஒரு அம்மா இருக்கிறாராம். குழந்தைகளை மட்டும்தான் பார்க்கிறார். முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

போனால் ஒன்றைக் கவனி. முதலில் ஃபைலைப் பார்க்கிறாரா, குழந்தையைப் பார்க்கிறாரா என்று பார். உயரக் கட்டிலில் படுக்க வைக்கிறாரா, தானே தரையில் உட்காருகிறாரா என்று பார். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கும் கற்றுக்கொடுத்தால்தான் சரியான ஆள். இதெல்லாம் என் சிநேகிதி பட்டுத் தெரிந்துகொண்டது.

இன்னொன்று. உனக்கு எல்லாம் தெரியும் என்று அங்கே போய் வாயைத் திறக்காதே. நீ கற்றுக்கொடுப்பது வண்டி.

போய் வந்த கையோடு எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். குளிருக்குக் காதைப் பொத்திக்கொள், மிஷினோடு சேர்த்து.

போனோம். சைக்கிள் கடைக்கு மேல் ஒரு பெரிய அறை. தரை முழுக்க நீல மெத்தை. சுவரில் கண்ணாடி, ஆனால் தரையோடு ஒட்டி, குழந்தை உயரத்துக்கு. எனக்கு முட்டி வரைதான் தெரிந்தது. அந்த அம்மா கனத்த உடம்பு, ஐம்பது வயது இருக்கும். ஃபைலை நீட்டினேன். வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. ஒரு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. திரும்பிப் பார்த்தால் பட்டாணி என் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து அவர் பக்கத்தில் போய்விட்டாள்.

அப்புறம் விளையாட்டு மாதிரியே எல்லாம் நடந்தது. இடுப்பில் இரண்டு விரலை வைத்தார், பட்டாணி எழுந்து நின்றாள். அழவில்லை. நான் வழக்கம் போல அக்குளில் கை கொடுக்கப் போனேன். "சார், கையை எடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சார், கை." மூன்றாவது தடவை சொல்லவில்லை, என் கையைப் பிடித்து என் மடியிலேயே வைத்துவிட்டார்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி கற்றுக்கொடுத்தவன் நான். என் பக்கத்து பிரேக்கில் கால் வைக்காமல் ஒருத்தனையும் தெருவில் விட்டதில்லை. என்னிடம் கையை எடு என்கிறார். போகட்டும், நல்ல ஆள்தான். வாரம் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறார். ஆள் தேடிக் கொடுத்ததற்கு உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

என்றும் உன்,
தம்பி


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே இரண்டு பேர் நலம். நான் நலமில்லை. காய்ச்சல் எல்லாம் இல்லை, வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

நீ சிரித்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். பட்டாணி அந்த அறை வாசலில் என் தோளிலிருந்து தாவுகிறாள். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நிற்கிறேன், இல்லை. அந்த அம்மா சொன்னால் படி ஏறுகிறாள், பந்து மேல் உட்காருகிறாள், குதிகாலைத் தரையில் ஊன்றுகிறாள். வீட்டுக்கு வந்து அதே மாதிரி இடுப்பில் இரண்டு விரலை வைக்கிறேன், தொளதொள என்று மடங்கி விழுகிறாள். டப்பாகூட வாங்கினேன், அதே நிறத்தில். என் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டாள். மதியம் வேலை முடிந்து வந்து என் பெண்டாட்டியோ, "இன்னிக்கு என்ன பண்ணினா, சொல்லுங்க" என்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்கிறாள். நானும் சொல்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியமும் அந்த அம்மாவில்தான் ஆரம்பிக்கிறது.

நேற்று நடந்ததுதான் தாங்க முடியவில்லை. நம் பட்டாணிக்கு 'ம்மா', 'பால்', 'இல்ல' மூன்றுதான் வரும் என்று உனக்குத் தெரியும். என்னை இதுவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேச்சு தாமதம், வரும் என்று டாக்டர் சொன்னார், நானும் காத்திருந்தேன். நேற்று அந்த அம்மா அவளை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டு மெல்ல உட்கார வைத்தார். பட்டாணி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்து, தெளிவாக, "அப்பா" என்றாள்.

அவரைப் பார்த்து, அக்கா. நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அம்மா சிரித்து, "ஆமா, அப்பாதான்" என்றார். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வண்டிக்கு வந்து சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. மூன்று வருஷம் தோளில் தூக்கிச் சுமந்தவன் யார், அந்தப் பேர் யாருக்குப் போகிறது? வேறு ஆள் யாராவது இருந்தால் சொல். தூரமாக இருந்தாலும் சரி.

மனசு சரியில்லாத,
தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் மிஷின் கழன்று விழுந்தது.

நான் முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். பேசுகிறவர் வார்த்தையை விட மூச்சைக் கேட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம். அந்த அம்மா கனத்த உடம்பு என்று நீதானே எழுதினாய்? நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற கனத்த பெண் ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் என்ன சொல்லுவார்? "அப்பாடா" என்பார். நானும் அதைத்தான் சொல்கிறேன், நாற்காலி சாட்சி. உன் பெண்ணும் நின்று களைத்து உட்காரும்போது அதையே சொல்லியிருக்கிறாள். 'டா' வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த தடவை காதைத் தீட்டிக்கொண்டு கேள். உனக்கென்ன, இரண்டு காதும் வேலை செய்கிறதே.

வேறு ஆள் கேட்டிருக்கிறாய். தர மாட்டேன். பொறாமை என்றால் பொறாமை என்று சொல்லிக்கொள், அதில் ஒன்றும் குடி முழுகிப் போகாது. எனக்கும்தான் இருக்கிறது, நீங்கள் மூன்று பேர் ஒரே கூரைக்குள் இருக்கிறீர்கள், நான் இங்கே ஒண்டியாக இருக்கிறேன். ஆனால் உன் பொறாமையைக் கொண்டுபோய் குழந்தையின் காலில் கட்டாதே. இதை மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன்.

பட்டாணிக்கும் அவள் அம்மாவுக்கும் என் அன்பு.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னது சரிதான், அப்பாடாதான். காதால் கேட்டேன். பெருமூச்சுகூட அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

டிரைவிங் ஸ்கூலில் வேலை அதிகம். புதிதாக ஒரு வங்கி மேனேஜர் சேர்ந்திருக்கிறார். இடது பக்கம் திரும்பு என்றால் முதலில் தன் வாட்ச்சைப் பார்க்கிறார், அதுதான் இடது என்று நினைவு வருவதற்கு. ஒரு மாமியாரும் மருமகளும் ஒன்றாக வருகிறார்கள். ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பின்னால் உட்கார்ந்து எனக்கு முன்னால் பிரேக் போடச் சொல்கிறார். வண்டிக்கு வெளிப்பக்கக் கண்ணாடி மாற்றினேன். மழை வரும் போல இருக்கிறது.

பட்டாணி நன்றாக இருக்கிறாள். என்னோடு ரொம்ப ஒட்டுதல். வண்டியில் என் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, நீ பார்க்க வேண்டும். ஹாரன் அடிக்கக் கற்றுக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்தது.

வேறொன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. வங்கி மேனேஜர், மாமியார், மருமகள், கண்ணாடி, மழை எல்லாம் படித்தேன். அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, அதுவும் என் கடிதத்துக்குப் பதிலாக. பட்டாணியின் காலைப் பற்றி ஒன்றுமே இல்லை. கால் எப்படி இருக்கிறது?

அக்கா


மே 21

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைசிக் கடிதம் இவர் சட்டைப் பையில் துவைக்கும்போது கிடைத்தது. பதில் போட்டிருக்க மாட்டார் என்று தெரியும், நான் போடுகிறேன்.

கால் நன்றாக இல்லை அண்ணி.

போன வாரம் பிசியோ அம்மா வீட்டுக்குப் போன் செய்தார். "குழந்தைக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டார். எந்தக் காய்ச்சல் என்று கேட்டேன். மார்ச் கடைசியிலிருந்து காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறார் உங்கள் தம்பி. என்னிடம் தினமும் "நல்லாப் பண்ணினா" என்று சொல்லிவிட்டு, பத்து மணிக்குக் குழந்தையை டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குக் கொண்டு போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறார். குழந்தை இவர் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பாளாம். கால் தரையில் படவே வேண்டாம். நல்ல சொகுசுதான்.

நாங்கள் போகாததால் எங்கள் நேரத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். டாக்டரிடம் காட்டினேன். குதிகால் இறங்கவில்லை, கெண்டைக்கால் கட்டை மாதிரி இறுகியிருக்கிறது. இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு போட்டுப் பார்க்கலாம், அதற்கப்புறமும் விடாமல் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஆபரேஷன்தான், அப்போதும் நடப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

இவரிடம் நான் பேசுவதில்லை. சண்டை போடவும் இல்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறேன், வாயைத் திறப்பதில்லை. உங்களிடம் ஒன்று சொல்கிறேன். எனக்குக் கோபத்தை விடப் பொறாமைதான் அதிகம். அந்த அறையில் ஒரு நாள் உட்கார்ந்து என் குழந்தை நிற்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடுப்பு முன்னால் நின்று, இப்போது பத்து மணி, இப்போது பந்து மேல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கிடைக்காத இடம் இவருக்குக் கிடைத்தது. இவர் எழுந்து வந்துவிட்டார்.

மனசில் பட்டதை எழுதிவிட்டேன். நீங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மே 29

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் பெண்டாட்டி எழுதியிருக்கிறாள். அவளை ஒன்றும் கேட்காதே.

நாளைக்கே அந்த அம்மாவிடம் போ. காய்ச்சல், டிராஃபிக், வேலை என்று ஒன்றும் சொல்லாதே. நடந்ததைச் சொல். உனக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். வெட்கம் தாளவில்லை என்று குழந்தையை இன்னொரு தடவை வண்டியில் ஏற்றினால், அப்புறம் எனக்கு நீ கடிதம் எழுத வேண்டாம்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு இப்போது முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நான் மட்டமாக இருக்கிறேன். மற்ற இரண்டு பேரும் என்னை விடத் தேவலை.

போனேன். மாடிப்படி ஏறும்போது டிராஃபிக் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன். "குழந்தை உங்ககிட்ட வர்றது எனக்குப் பொறுக்கல. அதான் நிறுத்திட்டேன்" என்றேன். அந்த அம்மா மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கோவந்தான் சார்," என்றார். "உங்க பொறாமைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்குக் கால் வேணும். வண்டி கத்துக்க வந்து பாதியில நிறுத்திட்டுப் போன ஆளு உங்ககிட்ட திரும்பி வந்தா எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?"

"முதல்லேர்ந்து."

"அதேதான் இங்கயும். கட்டுப் போடுங்க. பிரிச்சதும் கூட்டிட்டு வாங்க. ஆனா தனி நேரம் இல்ல. உங்க நேரத்துல இப்ப இன்னொரு பொண்ணு வருது, ரெண்டும் சேந்து பண்ணட்டும்."

அந்த இன்னொரு பெண்ணுக்கு நான் வைத்த பேர் சுருட்டை, தலை அப்படி. பட்டாணி வயதுதான். அவளுக்கு வலது பக்கம் மட்டும் பலவீனம். அவள் ஜம்மென்று நடக்கிறாள். எங்கள் நேரத்தில் நடக்கிறாள் என்று பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது, என்ன செய்ய.

பட்டாணிக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு. ராத்திரி புரள முடியாமல் முனகுகிறாள். நான் தூக்கப் போனால் அவள் அம்மா முந்திக்கொண்டு தூக்குகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "சாம்பார் வேணுமா" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். நான் செய்ததற்கு இது குறைவுதான்.

நீயாவது எழுது.

தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பேரும் சுகம். இந்தத் தடவை ஒருவரையும் தவிர்க்காமல் எழுதுகிறேன். ஜூலையில் நீ அனுப்பிய கம்பளிக் காலுறை கட்டைப் பிரித்த காலுக்குச் சரியாக இருந்தது. இப்போது நான் சொல்லப் போவதை உட்கார்ந்து படி.

கட்டைப் பிரித்த பிறகு ஒரு நாள் விடாமல் போனோம். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குதிகால் இறங்கியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். ஆனால் விட மாட்டேன் என்கிறாள். அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து கூப்பிட்டார், டப்பாவைக் காட்டினார், ம்ஹும். என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டதற்குப் பட்டாணி ஜன்னலைப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கே கொஞ்சம் சலிப்பு வந்துவிட்டது. "கால் தயார் சார். இவதான் தயாரா இல்ல" என்றார்.

நேற்றுக் காலை சுருட்டையின் அம்மா போன் பேச வெளியே போனார். பிசியோ அம்மா பக்கத்து அறையில் ஏதோ எடுக்கப் போனார். சுருட்டை திடீரென்று அம்மாவைக் காணோம் என்று அழுதாள். அழுகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? தூக்கி மடியில் வைத்து வண்டிச் சாவியைக் கையில் கொடுத்தேன். சாவிக்கொத்து சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு என் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

அப்போதுதான் பட்டாணியைப் பார்த்தேன். பெஞ்சைப் பிடித்தபடி திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குப் பழக்கம், அக்கா. நான் ஷேவ் பண்ணும்போது தினமும் கண்ணாடியில் பார்த்த முகம். மூக்கு விடைக்கிறது, உதடு உள்ளே போகிறது. பெஞ்சை விட்டாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழப் போகிறாள் விழப் போகிறாள் என்று நான் நினைக்க நினைக்க, மெத்தையைத் தாண்டி வந்து சுருட்டையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இழுத்துக் கீழே தள்ளிவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

பிசியோ அம்மா ஓடி வந்தபோது சுருட்டை அழுதுகொண்டிருந்தாள், நானும் அழுதுகொண்டிருந்தேன். "என்ன சார் ஆச்சு?"

"நடந்தா."

"யாரு?"

"இவதான். அங்கேர்ந்து இங்க வரைக்கும்."

அவர் பெஞ்சைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். "நான் பாக்கலையே" என்றார். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும், மூச்சைக் கேட்டு ஆளைச் சொல்லுகிறவள் ஆயிற்றே. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. ஆறு மாதமாக நான் வேண்டியது இதைத்தானே? அப்புறம் பார்த்தால், அந்த அம்மா மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் குளுகுளு நிலைக்கவில்லை. பட்டாணியைக் கொண்டுபோய்ப் பெஞ்சருகே நிற்க வைத்தேன். திரும்பி வந்து சுருட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "இந்தப் பக்கம் வாங்கம்மா, இங்கேர்ந்து நல்லாத் தெரியும்" என்றேன். இந்தத் தடவை பட்டாணி இன்னும் வேகமாக வந்தாள். சுருட்டையின் முடியை நான் கையால் மூடிக்கொண்டேன்.

அந்த அம்மா ரொம்ப நேரம் சிரித்தார். "பிள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல, பாத்தீங்களா" என்றார்.

இனிமேல்தான் விஷயமே. மதியம் என் பெண்டாட்டி வந்தாள். வழக்கம் போல என்னைப் பார்க்காமல் பையை மாட்டினாள். "பட்டாணி நடந்தா" என்றேன். மே மாதத்துக்கப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை. நான் நல்லாப் பண்ணினா, நல்லாப் பண்ணினா என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தவன், எப்படி நம்புவாள்?

காட்டலாம் என்று பட்டாணியை அலமாரியைப் பிடித்து நிற்க வைத்தேன். கூப்பிட்டேன். அவளும் கூப்பிட்டாள். பட்டாணி அலமாரிக் கதவைத் திறந்து மூடி விளையாடினாள். வீட்டில் மடியில் வைக்க இன்னொரு குழந்தைக்கு நான் எங்கே போவேன்? பெண்டாட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பிவிட்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றேன். "இங்க வந்து என் பக்கத்துல உக்காரு."

"எதுக்கு?"

"உக்காரு சொல்றேன். தோள்ல சாஞ்சுக்க."

என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் குழந்தைக்காக வந்தாள். ஒரு கை இடம் விட்டு உட்கார்ந்தாள், அப்புறம் கொஞ்சம் நகர்ந்தாள், அப்புறம் விறைப்பாகத் தலையை என் தோளில் வைத்தாள். மாவு வாசனை. எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

அலமாரிக் கதவுச் சத்தம் நின்றது. பட்டாணி திரும்பிப் பார்த்தாள். மூக்கு விடைத்தது.

"அசையாத," என்றேன் மெதுவாக. "வர்றா."

வந்தாள், அக்கா. கையைத் தூக்கிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, கோபமாக வந்தாள். வந்து இரண்டு பேர் நடுவிலும் கையை விட்டுப் பிரித்தாள். நடுவில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அழுதுகொண்டே பட்டாணியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பட்டாணி எவ்வளவு தள்ளியும் அவள் என் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் ஒரு தடவை வந்து போ. பட்டாணி நடப்பதை நீ பார்க்க வேண்டுமென்றால் உன்னையும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக வா.

உன்,
தம்பி